சவுனாச் சுவர் அத்திவாரச் சுவரைத் தொடக் கூடாது

பேஸ்மென்டில் சவுனா, அதாவது ஹீட்டரில் கல்லைச் சூடாக்கி வியர்க்க உட்காரும் மர அறை, கட்ட வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு விஷயம்தான்: எந்த மரம் போடலாம், எத்தனை கிலோவாட் ஹீட்டர் வாங்கலாம். இரண்டையும் கடையில் தொட்டுப் பார்க்கலாம், அதனால் கேட்கிறார்கள், சரி. ஆனால் பத்து வருடம் கழித்தும் அந்தச் சவுனா நன்றாக இருக்குமா, பின்பக்கம் பூஞ்சணம் பிடித்து மொத்தமாக உடைத்தெடுக்க வேண்டி வருமா என்பது அந்த இரண்டிலும் இல்லை. சீடர் பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது கொங்கிறீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது.

நான் ரொறன்ரோவைச் சுற்றி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் பேஸ்மென்ட் வேலை செய்கிறவன். முன்பெல்லாம் நம் ஆட்கள் கேட்பது ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, வாடகைக்கு விட ஒரு தனி வாசல். கோவிட்டுக்குப் பிறகு சவுனாவும் அதை ஒட்டி ஒரு ஷவரும் கேட்கிறார்கள். எனக்கு அது சந்தோஷம்தான், மைனஸ் 20 குளிரில் வேலை முடிந்து வந்து வெந்த கல்லுக்குப் பக்கத்தில் உட்காருவது உடம்புக்கு எவ்வளவு இதம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சாதாரண அறைக்குச் சுவர் அடிப்பது போலவே சவுனாவுக்கும் அடித்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாதிரிச் சுவர்களைப் பிறகு திறந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கொங்கிறீட். பார்க்கக் கல் மாதிரித் தெரிந்தாலும் அது தண்ணீரை உறிஞ்சும், மேலே இழுக்கும், ஆவியாக உள்ளே விடும். ரொறன்ரோவில் உறைபனி மண்ணுக்குள் இறங்கும் ஆழத்தைக் கணக்கில் எடுத்து அத்திவாரத்தைக் குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்தில் போடுகிறார்கள், பேஸ்மென்ட் என்றால் அதைவிட ஆழம். அந்தச் சுவரின் வெளிப்பக்கம் ஈர மண் வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பழைய வீடுகளில் வெளிப்பக்கம் தார் பூச்சு மட்டும் இருக்கும், அதுவும் காலத்தில் உதிர்ந்துவிடும். 50களில் 60களில் கட்டிய வீடு என்றால் வார்த்த கொங்கிறீட்டுக்குப் பதில் பொள்ளான சிமெந்துக் கற்கள், அந்தப் பொள்ளுக்குள்ளேயே தண்ணீர் நிற்கலாம்.

குளிர்காலத்தில் சுவரின் மேல்பகுதி, தரைக்கு மேலே தெரிகிற அந்த ஓர் அடி இரண்டு அடி, வெளிக்குளிரோடு சேர்ந்து உறைந்து கிடக்கும். கோடையில் பிரச்சினை தலைகீழ். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று ஒரு ஜூலை நாளை எடுத்தால் அந்தக் காற்றின் பனிபடுநிலை 21 டிகிரிக்கு மேல். அதாவது 21 டிகிரிக்குக் குறைந்த எந்தப் பரப்பில் பட்டாலும் அது தண்ணீராகும். பேஸ்மென்ட் சுவரின் அடிப்பகுதி கோடையிலும் அதைவிடக் குளிராகத்தான் இருக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டால் பேஸ்மென்ட் காயும் என்று நினைத்துத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. ஜூலையில் அப்படித் திறந்தால் சுவர் இன்னும் வியர்க்கும். அந்த மாதங்களில் ஜன்னலைச் சாத்தி ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை 50 சதவீதத்தில் ஓடவிட வேண்டும்.

இங்கே புது வீடுகளில் கட்டுமானக்காரர்கள் ஒரு வேலை செய்து கொடுப்பார்கள். கண்ணாடி நார்ப் போர்வையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மேலிருந்து கீழ்வரை கொங்கிறீட்டில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வீடு வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்சுலேஷன் ஏற்கெனவே இருக்குதானே, அதுக்கு மேலேயே ஃபிரேம் அடிக்கலாம்" என்பார். நான் முதலில் அதில் ஒரு மூலையை வெட்டிக் கையை உள்ளே விட்டுப் பார்ப்பேன். புதுக் கொங்கிறீட் காய ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும், அந்தத் தண்ணீரெல்லாம் பிளாஸ்டிக்கில் முட்டி நாருக்குள் தங்கிவிடும். நார் கனத்துக் கீழே சரிந்திருக்கும், கை நனைந்து வரும். சவுனாவும் ஷவரும் வருகிற இடத்தில் அந்தப் போர்வை முழுவதும் போக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை.

போர்வையை எடுத்த பிறகு சுவரைக் கொஞ்ச நாள் சும்மா பார்த்துக்கொண்டிருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, வெடிப்பு எங்கே, மழைக்குப் பிறகு எந்த இடம் கறுக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்தில் பொலித்தீன் தாளை வெட்டிச் சுவரிலும் தரையிலும் நாலு ஓரமும் இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் துளி கட்டினால் ஈரம் கொங்கிறீட்டிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளி கட்டினால் அறைக் காற்றிலிருந்து வருகிறது. எந்த ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து என்று இதைவிட மலிவாகச் சொல்லித் தரும் கருவி எதுவும் இல்லை.

அப்புறம், தண்ணீர் ஓடியே வருகிற வீடு என்றால் நிறுத்துங்கள். 2013 ஜூலை 8ஆம் தேதி பியர்சன் விமான நிலையத்தில் சில மணி நேரத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டியது, 2024 ஜூலை 16ஆம் தேதி கிட்டத்தட்ட 98. அந்த இரண்டு நாளும் இந்த நகரத்தில் எத்தனை பேஸ்மென்ட் மூழ்கியது என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கூரைப் பீலியின் தண்ணீர் அத்திவாரத்தின் காலடியில் விழுந்தால், முற்றம் வீட்டை நோக்கிச் சரிந்திருந்தால், வெடிப்பில் கசிவு இருந்தால், அதை வெளியே திருத்தாமல் உள்ளே எவ்வளவு கெட்டித்தனமாகச் சுவர் கட்டினாலும் பயனில்லை. நான் இனிமேல் சொல்லப்போகிற எல்லாம் ஊறும் ஈரத்துக்கும் ஆவிக்கும்தான். ஓடும் தண்ணீருக்கு இல்லை.

இனிச் சவுனாக் காற்று. சவுனா வறண்ட வெப்பம்தானே, நீராவி அறை இல்லையே, ஈரம் எங்கே என்று கேட்பார்கள். கணக்குப் பார்ப்போம். சாதாரண அறை 21 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் அதன் பனிபடுநிலை 7 டிகிரி. சவுனா 80 டிகிரி, ஈரப்பதம் வெறும் 10 சதவீதம் என்றால் பனிபடுநிலை 32 டிகிரி! கல்லில் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றி ஈரப்பதம் 20க்குப் போனால் கிட்டத்தட்ட 45. சதவீதத்தைப் பார்த்தால் பாலைவனம் மாதிரித் தெரியும், ஆனால் அந்தச் சூடான காற்றுக்குள் இருக்கிற ஆவி அவ்வளவு அதிகம். அந்தக் காற்று ஆணி ஓட்டை வழியாகவோ மூலை இடுக்கு வழியாகவோ சுவருக்குள் நுழைந்து கொங்கிறீட்டைப் போய்த் தொட்டால் என்ன நடக்கும்? வீட்டின் வேறு எந்த அறையிலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. 45 டிகிரியில் தண்ணீராகத் தயாராக இருக்கும் காற்றும், 10 டிகிரிச் சுவரும், நடுவில் மரம்.

ஆகவே பேஸ்மென்ட் சவுனாச் சுவருக்கு ஈரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. மண்பக்கத்து ஈரம் வருடம் முழுக்க, மெதுவாக. சவுனாப்பக்கத்து ஈரம் வாரத்தில் சில மணி நேரம், ஆனால் பலமாக. இரண்டையும் ஒரே சுவருக்குள் சந்திக்கவிட்டால் அந்த மரம் காய்வதற்குப் பக்கமே இருக்காது. ஒரு பக்கம் ஃபோம், மறுபக்கம் அலுமினிய ஃபொயில், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட ஸ்டட், அதாவது சுவருக்குள் நிற்கும் மரக்கால். எங்கேயாவது ஒரு சின்னக் கசிவு வந்தாலும் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. பலர் இதற்குப் பதிலாக விலைகூடிய தாள், விலைகூடிய பூச்சு என்று தேடுகிறார்கள். என் பதில் எளிமையானது: இரண்டு சுவர் கட்டுங்கள். அத்திவாரச் சுவரைத் தனியாக முடியுங்கள். சவுனாவை அதற்கு முன்னால், அதைத் தொடாமல், தன் சொந்த நாலு சுவரும் சொந்தக் கூரையும் உள்ள தனி அறையாக நிறுத்துங்கள். நடுவில் குறைந்தது ஓர் அங்குலம் காற்று இருக்கட்டும், அந்தக் காற்று பேஸ்மென்ட் அறையின் காற்றோடு சேர்ந்திருக்கட்டும்.

இதைச் சொன்னவுடன் வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணை, சுவரோட சேர்த்து அடிச்சா நாலு அங்குலம் மிச்சம்தானே?"

"மிச்சம்தான் தம்பி. ஆனா அந்த நாலு அங்குலத்திலதான் சுவர் மூச்சு விடுது."

உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது வேறு. சவுனாவை அத்திவாரச் சுவரோரம் வைக்கத்தான் வேண்டுமா? படிக்குக் கீழே, சலவை அறைக்குப் பக்கத்தில், உலை அறையின் மறுபுறம் என்று வெளிச்சுவரே தொடாத இடம் பல பேஸ்மென்ட்டுகளில் இருக்கும். அங்கே வைத்தால் இந்த நாலு அங்குலக் கதையே இல்லை. மூலையில் வைக்கப் பிரியப்படுகிறவர்கள், மூலை என்றால் இரண்டு பக்கமும் குளிர்க் கொங்கிறீட் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஜன்னல் வேண்டும், வெளிச்சம் வேண்டும், வேறு வழியில்லை என்றால் மூலைக்குப் போங்கள், இரட்டைச் சுவரோடு போங்கள்.

வெளிச்சுவர் முடிக்கும் முறை இப்படி. கொங்கிறீட்டைச் சுரண்டி உப்பை எடுத்துக் காயவிட்டு, 2 அங்குல ஃபோம் பலகையை அதற்கென்றே உள்ள பசையால் நேரடியாகச் சுவரில் ஒட்ட வேண்டும். பெட்ரோல் நெடி உள்ள பசை ஃபோமைத் தின்றுவிடும், டின்னில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பலகைக்கும் கொங்கிறீட்டுக்கும் நடுவில் அறைக் காற்று புகக் கூடாது, அதனால் பொருத்துகள் எல்லாவற்றையும் சிவப்பு டக் (Tuck) டேப்பால் ஒட்டி, மேலும் கீழும் ஸ்ப்ரே ஃபோமால் அடைக்க வேண்டும். எக்ஸ்.பி.எஸ். என்கிற இந்த ஃபோம் பலகை சூட்டைத் தடுக்கும் அளவு அங்குலத்துக்கு ஆர்-5, இரண்டு அங்குலம் ஆர்-10. மேலே மர விளிம்பு கொங்கிறீட்டில் உட்காருகிற இடம், அந்த ரிம் ஜாய்ஸ்ட், அதை விட்டுவிடாதீர்கள். பேஸ்மென்ட்டிலேயே குளிர் அதிகம் உள்ளே வருவது அங்கேதான்.

ஃபோமைத் திறந்தபடி விடவும் கூடாது. தீப்பிடித்தால் அதிலிருந்து வரும் புகை கொடியது, கட்டட விதியும் மூடத்தான் சொல்கிறது. ரீப்பர் அடித்து அரை அங்குல ட்ரைவோல் (ஜிப்சம் பலகை), அதுவும் காகிதம் ஒட்டாத, கண்ணாடி நார் முகப்புள்ள வகை. காகிதம்தான் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. எக்ஸ்.பி.எஸ். ஏறத்தாழ 74 டிகிரிக்கு மேல் தாங்காது. அதனால் அதைச் சவுனாவின் சூடான பக்கத்தில் வைக்கவே கூடாது, கொங்கிறீட் பக்கத்தில் வைத்தால் அதற்கு அந்தச் சூடு வந்து சேராது.

இனிச் சவுனாவின் சொந்தச் சுவர். 2×4 அங்குல மரம் போதும், 16 அங்குலத்துக்கு ஒரு ஸ்டட். மரக்கடையில் பலகையில் குத்தியிருக்கிற 'எஸ்-டிரை' முத்திரை 19 சதவீத ஈரத்துக்குள் என்று மட்டும்தான் சொல்கிறது, அது இரண்டு பக்கமும் மூடப்போகிற சுவருக்குப் போதாது. வீட்டுக்குள் கொண்டுவந்து அடுக்கி, இரண்டு மூன்று வாரம் வைத்து, ஊசி வைத்த மீட்டரில் 14க்குக் கீழே காட்டும்போதுதான் நான் மூடுவேன். அடிக்கட்டை மட்டும் மருந்தேற்றிய மரம், அதன் கீழே ஃபோம் நாடா, கொங்கிறீட்டில் வெறும் மரம் எங்கேயும் தொடக் கூடாது. மருந்தேற்றிய மரத்தை அறுத்தால் அறுத்த முகத்துக்கு மறுபடி மருந்து பூசுங்கள், நடுப்பகுதி வரை மருந்து போயிருக்காது. தரையில் துளை போடுவதற்கு முன்னால் உள்ளே சூடேற்றும் குழாய் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையும் அப்படித்தான். மேல்மாடித் தரையைத் தாங்கும் விட்டங்களை, ஜாய்ஸ்டையே, சவுனாக் கூரையாக எடுத்துக்கொள்வது பெரிய ஆசை, உயரம் மிச்சம் வரும். ஆனால் அந்த ஜாய்ஸ்ட்டுகளுக்கு நடுவில் உலையின் காற்றுக் குழாய், குளிர்தண்ணீர்க் குழாய், மின்வயர் எல்லாம் ஓடுகிறது. சவுனாவில் அதிகச் சூடும் அதிக ஆவியும் நிற்பது கூரையில்தான். அதனால் சவுனாவின் நாலு சுவர்மேலேயே தாங்குகிற தனி மூடி போடுங்கள், 2×6 என்றால் ஆர்-22 கல்கம்பளி (மினரல் வூல்) முழுசாக உட்காரும். உள்ளே 7 அடி உயரம் கிடைத்தால் நல்லது, அதற்குமேல் தேவையே இல்லை, மேலே போகும் சூடு யாருக்கும் பயன்படாது. மேல் வாங்கு (உட்காரும் பெஞ்சு) கூரையிலிருந்து மூன்றரை, நாலு அடி கீழே. உட்காருகிறவரின் பாதம் கல்லுக்கு மேலே இருந்தால்தான் கால் குளிராது, பின்லாந்துக்காரர் இதில் கண்டிப்பானவர்கள். தண்டர் பேயிலும் சட்பரியிலும் பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நெடுங்காலமாக இந்த ஒன்ராறியோ மாகாணத்தில் சவுனா கட்டி வருகிறார்கள். அவர்கள் சவுனாவில் வாங்கு எங்கே, காற்று எங்கே நுழைகிறது, கழுவும் அறை எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை படித்துவிடலாம். 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பண்பாட்டில் குளியலறையும் சவுனாவும் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து அறைகள், அதனால் ஷவரோடு சேர்த்துக் கேட்கிறவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள்.

மூடுவதற்கு முன் ஸ்டட்டுகளுக்கு நடுவில் குறுக்குக் கட்டை அடிக்க வேண்டும். வாங்கு தாங்கும் உயரத்தில், ஹீட்டர் தொங்கும் இடத்தில், முதுகுச் சாய்மானம் வரும் இடத்தில், கதவைச் சுற்றி, ஷவரில் கைப்பிடி வரப்போகும் இடத்தில். வீட்டில் அம்மா அப்பா இருக்கிறார்கள் என்றால் இன்றைக்குக் கைப்பிடி வேண்டாம் என்று சொன்னாலும் கட்டையை அடித்துவிடுங்கள். பிறகு அளவு நாடாவைச் சுவரோடு வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ஃபொயில் ஒட்டிய பிறகு எங்கே மரம் என்று தெரியாமல் திருகாணி போட்டால், ஒவ்வொரு தவறிய ஆணியும் ஆவிக்கு ஒரு வாசல்.

ஸ்டட்டுக்கு நடுவில் கல்கம்பளி, ஆர்-14. கண்ணாடி நாரை விட இது சூட்டில் நிலைத்து நிற்கும், நனைந்தாலும் தொய்ந்து சரியாது. இதற்கு மேல், சூடான பக்கத்தில், அலுமினிய ஃபொயில். சாதாரண அறைக்குப் போடும் பொலித்தீன் தாளை இங்கே போடாதீர்கள், கூரைப்பக்கச் சூட்டில் அது இளகும், நாளாக நொறுங்கும். சவுனாவுக்கென்று விற்கிற காகிதம் ஒட்டிய ஃபொயில் சுருள் வாங்குங்கள், அலுமினிய டேப்பாலேயே ஒட்டுங்கள், துணி டேப் சூட்டில் பசை விட்டுவிடும். முதலில் கூரை, பிறகு சுவர், கூரைத் தாள் சுவரில் நாலு அங்குலம் இறங்கி வர வேண்டும். வயர் நுழையும் இடம், ஒவ்வொரு ஸ்டேப்பிள் தலை, எல்லாவற்றுக்கும் டேப். இந்த வேலைக்குப் பொறுமைதான் முக்கியக் கருவி. முடிந்ததும் விளக்கை அணைத்து, பின்னால் ஒரு டோர்ச் பிடித்து, உள்ளேயிருந்து பாருங்கள், வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் ஓட்டை. பின்பக்கம் திறந்திருக்கிற சுவர் என்பதால் இந்தச் சோதனை நடக்கிறது, கொங்கிறீட்டோடு ஒட்டி அடித்தவருக்கு இது கிடையாது.

ஃபொயிலின் கீழ் விளிம்பு எங்கே முடிகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. உள்ளே பட்டு வழியும் துளி கீழே இறங்கும், அது அடிக்கட்டைக்குள் போகக் கூடாது, சவுனாத் தரைக்கு வர வேண்டும். அதனால் தரையின் நீர்காப்புத் தாளை முதலில் சுவரில் ஆறு அங்குலம் மேலே ஏற்றிவிட்டு, ஃபொயிலை அதற்கு முன்னால் இறக்க வேண்டும். கூரைக்கு ஓடு வேய்வது மாதிரி, மேலே உள்ளது எப்போதும் கீழே உள்ளதன்மேல் ஏறியிருக்கும். இந்த ஒரு மடிப்பைத் தலைகீழாக வைத்துவிட்டால் மேலே செய்த அத்தனை டேப்பும் தண்ணீரை அழகாகச் சேர்த்து அடிக்கட்டையில் கொண்டுபோய் விடும்.

ஃபொயிலுக்கு மேல் ரீப்பர், முக்கால் அங்குலம், செங்குத்தாக. அதன்மேல் சீடர் பலகை படுக்கையாக. அந்த முக்கால் அங்குல இடைவெளியால் இரண்டு பலன்: ஃபொயில் சூட்டைத் திருப்பி அனுப்புவதற்கு முன்னால் காற்று வேண்டும், பலகையின் முதுகு காய்வதற்கும் காற்று வேண்டும். கீழே பலகையைத் தரையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கியும் மேலே கூரைக்குக் கொஞ்சம் இடம் விட்டும் முடித்தால் அந்தக் காற்று தானாக ஏறும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து வரும் சிவப்புச் சீடர் சுலபத்தில் அழுகாது, வாசம் நல்லது, அந்த வாசம் ஒத்துவராதவர்களுக்கு ஆஸ்பென் அல்லது பாஸ்வுட். வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம்.

ஷவர் வேறு பிரச்சினை. அங்கே சூடு குறைவு, ஆனால் தண்ணீர் நேரடியாகச் சுவரில் அடிக்கிறது. இங்கே எனக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: ஷவர் வால்வும் குழாயும் உள்சுவரில்தான், அத்திவாரப் பக்கம் ஒருபோதும் இல்லை. உள்சுவர் என்றால் பின்பக்கத்திலிருந்து திறந்து திருத்தலாம், குழாய் உறையாது, கசிவு வந்தால் சீக்கிரம் தெரியும்.

சிமெந்துப் பலகை தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது, உறிஞ்சிப் பின்னால் விடும். டைலும் அதன் இடுக்குச் சாந்தும் அப்படியே. தண்ணீரைத் தடுப்பது பலகைக்கும் டைலுக்கும் நடுவில் வரும் நீர்காப்புப் படலம் மட்டும்தான். கெர்டி மாதிரித் தாளாக ஒட்டலாம், ரெட்கார்ட் மாதிரிப் பூச்சாக அடிக்கலாம். எது செய்தாலும் அந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். முன்னால் படலமும் போட்டு, பின்னால் ஸ்டட்டில் பொலித்தீனும் அடித்தால் நடுவில் சிமெந்துப் பலகை ஊறிக்கொண்டே கிடக்கும்.

சவுனாவுக்கும் ஷவருக்கும் பொதுவான சுவர் ஒன்று வரும், அதில் ஒரு பக்கம் ஃபொயில், மறுபக்கம் படலம், தவிர்க்க முடியாது. அதைத்தான் முன்னே சொன்ன 14 சதவீதக் கணக்கில் அதிகக் கண்டிப்போடு பார்க்க வேண்டும். அந்தச் சுவருக்குள் குழாய், வால்வு, சுவர்த் தட்டு என்று எதுவும் வைக்காதீர்கள். அந்தச் சுவர் காய்ந்த மரத்தோடு மூடி, உள்ளே தண்ணீர்க் குழாயே இல்லாமல், வாரத்துக்குச் சில தடவை சவுனாச் சூடும் பட்டால் நன்றாக இருக்கும். இடம் இருந்தால் அங்கேயும் இரண்டு சுவர் போடுங்கள், நான் அப்படிச் செய்யத்தான் விரும்புவேன்.

தரையில் வடிகாலுக்குக் கொங்கிறீட்டை வெட்ட வேண்டும். வெட்டும்போது கீழே இருக்கிற பொலித்தீன் கிழியும், மூடும்போது அதையும் ஒட்டி மூடச் சொல்லுங்கள், மண்ணிலிருந்து ஈரத்தோடு ரேடான் என்கிற கதிரியக்க வாயுவும் வரும். வேலை முடிந்தபின் குளிர்காலத்தில் ரேடான் சோதனை செய்துவிடுங்கள், கனடாவில் கன மீட்டருக்கு 200 பெக்கரல் என்பது எல்லை. தரை திறந்திருக்கும்போதே சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வையும் போட்டுவிடலாம், பிறகு தனியாக வெட்டுவதற்கு ஆகும் செலவை நினைத்தால் அப்போது அது பெரிதாகத் தெரியாது. ஷவர்த் தரையின் சரிவு அடிக்குக் கால் அங்குலம். சவுனாத் தரையையும் அதே வடிகாலை நோக்கி மெல்லச் சரித்துவிட்டால் கழுவி விடுவது சுலபம். டைல் போடுவதற்கு முன் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட வேண்டும். ஓரத்தில் பென்சிலால் மட்டம் குறித்து வையுங்கள், குறி இறங்கினால் டைல்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கசிவைத் தேடுங்கள்.

காற்று பற்றிச் சுருக்கமாக. ஷவருக்கு விசிறி, குழாய் வெளியே வரை போக வேண்டும், குளிர்ப்பகுதியில் அந்தக் குழாய்க்கும் போர்வை வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள்ளேயே தண்ணீர் கட்டித் திரும்பச் சொட்டும். குளித்த பிறகு அரை மணி நேரம் ஓடுகிற மாதிரி டைமர் சுவிட்ச். சவுனாவுக்குப் புதுக்காற்று ஹீட்டர் பக்கம், வெளியேறுவது எதிர்ப்பக்கம் வாங்குக்குக் கீழே. பழைய மாதிரிப் புகைபோக்கித் தண்ணீர்ச் சூடாக்கி பேஸ்மென்ட்டில் இருந்தால், பெரிய விசிறி அதன் புகையை உள்ளே இழுக்காது என்று எரிவாயுக்காரரிடம் உறுதி செய்யுங்கள், இதில் அசட்டை வேண்டாம்.

ஹீட்டர் கணக்கு ஏறத்தாழ ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோவாட். 6 அடிக்கு 6 அடி, 7 அடி உயரம் என்றால் 7 கன மீட்டர். கண்ணாடிக் கதவு, டைல் சுவர் என்று போர்வையில்லாத பரப்பு ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஒரு கன மீட்டருக்கு மேல் சேர்த்துக்கொள்ள வேண்டும், அழகான பெரிய கண்ணாடிக்கு ஆசைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்ப் பெட்டி உள்ள பழைய வீட்டில் மின்கார் சார்ஜரும் இருந்தால் எலக்ட்ரீஷியன் முதலில் மொத்தக் கணக்குப் போட வேண்டும். ஒன்ராறியோவில் இந்த வேலை மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்திடம் பதிவாக வேண்டும். கதவு வெளியே திறக்க வேண்டும், பூட்டு, கொண்டி எதுவும் கூடாது, உள்ளே தலை சுற்றினால் தள்ளினால் போதும் என்று இருக்க வேண்டும்.

அனுமதி எடுங்கள். புதுக் குழாய், புது வடிகால் என்றால் நகரசபை அனுமதி வேண்டும், இன்ஸ்பெக்டர் சுவர் மூடுவதற்கு முன்னால் வந்து பார்ப்பார். அவர் கேட்கக்கூடிய ஒன்று, இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி. தீ அதற்குள் ஏறி மேல்மாடி ஜாய்ஸ்ட்டுக்குப் போகக் கூடாது. அதனால் இடைவெளியின் உச்சியை 2×4 கட்டையாலோ அரை அங்குல ட்ரைவோலாலோ அடைத்துவிட்டு, காற்றுக்கான கம்பி வலைகளைப் பேஸ்மென்ட் அறைப் பக்கம் மேலே ஒன்று கீழே ஒன்றாக வையுங்கள். கீழ் வலையைத் திருகாணியால் கழற்றக்கூடியதாகப் போடுவேன், ஒரு கை நுழையும் அளவுக்கு. பனி உருகும் மார்ச், ஏப்ரலிலும், ஜூலைப் புழுக்கத்திலும் அதைக் கழற்றி டோர்ச் அடித்து அடிக்கட்டையைப் பார்க்கலாம், மீட்டர் ஊசியைக் குத்தி எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். 15க்குள் இருந்தால் வலையை மூடிவிட்டு ஹீட்டரைப் போடுங்கள்.